பேசாத பிள்ளையின் பாட்டு

ஆலந்தலைக் கடற்கரையில் ஓர் இளைஞர் என்னிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார். பிறவியிலேயே வலது கை வழங்காதவர். பேச்சும் தட்டித் தட்டித்தான் வரும். இடது கையால் எழுதிய ஐந்து கதைகள். புரட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு கஷ்டத்திலும் எழுதியிருக்கிறீர்களே, தம்பி!" என்றேன். அவர் முகம் சுண்டிவிட்டது.

"கஷ்டம் கெடக்கட்டும், ஐயா. கத எப்பிடியிருக்கு?"

எனக்குப் பதில் வரவில்லை. நான் பார்த்தது கையெழுத்தைத்தான், கதையைப் படிக்கவில்லை.

சற்று வடக்கே திருச்செந்தூர். பதினேழாம் நூற்றாண்டில், ஸ்ரீவைகுண்டத்துத் தம்பதியர் ஐந்து வயதுவரை பேசாத தம் பிள்ளையை அங்கே கொண்டுவந்தார்கள் என்பதும், முருகன் அருளால் அவன் வாய் திறந்து 'கந்தர் கலிவெண்பா' பாடினான் என்பதும் நாடறிந்த வரலாறு. குமரகுருபரரைப் பற்றிய நம் பேச்சு பெரும்பாலும் அந்த அற்புதத்தோடு நின்றுவிடுகிறது. நம்புகிறவர்கள் நம்பட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பாட்டின் முடிவில் அவர் என்ன வரம் கேட்கிறார் என்று கவனித்திருக்கிறோமா? ஆசு முதலிய நால்வகைக் கவியும் வேண்டுமாம், அட்டாவதானமும் வேண்டுமாம்! 'நாலு வார்த்தை பேச வந்ததே, போதும்' என்று கைகட்டி நிற்கும் குரலா இது? புலவர் வரிசையில் தமக்குரிய இடத்தைக் கேட்கும் குரல். கேட்டவரை நாம் இன்னும் 'பாவம், பேசாதிருந்த பிள்ளை' என்றே நிறுத்தி வைத்திருக்கிறோம்.

இரட்டைப் புலவர்களையும் இப்படித்தான். குருடர் தோளில் முடவர் ஏறி வழி காட்டிய காட்சி எல்லோருக்கும் தெரியும். 'தில்லைக் கலம்பக'த்தைத் தொட்டவர் எத்தனை பேர்? அவர்களை அருகில் காண எனக்கு உதவியது ஒரு தனிப்பாடல். மதுரைப் பொற்றாமரைக் குளத்தில் துவைத்த துணி கைநழுவிப் போகிறது. கண் தெரியாதவருக்கு எவ்வளவு பெரிய நஷ்டம்! அவர்களோ கலிங்கம் என்ற சொல்லைச் சொக்கலிங்கத்தோடு கோத்துச் சிலேடை செய்து சிரிக்கிறார்கள். நம்மிடம் கண்ணீர் கேட்கவில்லை.

அயர்லாந்தின் கிறிஸ்டி பிரவுன் இடது காலால் எழுதினார் என்பது உலகப் பிரசித்தம். 1970-இல் வந்த அவருடைய நாவலைப் பற்றிப் பேசுகிறவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

அன்றிரவு அந்த நோட்டை ஒழுங்காகப் படித்தேன். நான்கு கதைகள் பத்திரிகைக் கதைகளின் நகல். கதாநாயகி சென்னையில் கார் ஓட்டுகிறாள். மூன்றாவது கதை மட்டும் வேறு. கரையில் உட்கார்ந்து, திரும்பும் வள்ளங்களை எண்ணும் ஒருவன்; கிழிந்த வலையைச் சரிசெய்யும் மற்றவர்களின் விரல்களையே அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்த விரல்களை எழுதியிருக்கும் விதம் எனக்கு வராது. கடைசிப் பத்தியில் மட்டும் அழுகை அதிகம்.

காலையில் அப்படியே சொன்னேன். நான்கு கதைகளையும் கிழித்துப் போட உடனே சம்மதித்தார். கடைசிப் பத்தியை அடிக்க மட்டும் சம்மதிக்கவில்லை. "அது இருக்கணும், ஐயா" என்றார். அரை மணி நேரம் சண்டை போட்டோம்.