பங்கு விமானமும் மலைநாட்டு வானமும்

கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு வீதியால் வர நான்கு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். காசல்ரீ நீர்த்தேக்கத்தில் இறங்கும் செஸ்னா கரவன் நீர்விமானத்துக்கு அரை மணித்தியாலமளவு போதும். 2013இல் தொடங்கிய அந்தச் சின்னமன் எயார் சேவை ஒருவரின் தனிச்சொத்தல்ல; ஜோன் கீல்ஸ் உட்பட மூன்று நிறுவனங்களின் கூட்டு முயற்சி. விமானம் என்றாலே செலவைப் பகிர ஆள் தேட வேண்டியிருக்கிறது. பொழுதுபோக்காகப் பறக்க விரும்பும் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு சிறு விமானத்தை வாங்கிக்கொள்வது அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் நெடுநாள் வழக்கம். நம் மலைகளுக்கு மேலே அது பொருந்துமா?

கணக்கு அதற்குச் சாதகமானது. காப்புறுதி, நிறுத்துமிட வாடகை, வருடாந்தப் பரிசோதனை எல்லாம் விமானம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் கட்டவேண்டியவை. ஐந்து பேர் சேர்ந்தால் ஒருவர் தலையில் ஐந்திலொரு பங்குதான். இன்னொரு நன்மை பலர் கண்ணில் படுவதில்லை. மாதக்கணக்கில் சும்மா நிற்கும் பிஸ்டன் இயந்திரத்தின் உட்பாகங்கள் துருப்பிடிக்கும். அடிக்கடி பறக்கும் பங்கு விமானத்தின் இயந்திரமே ஆரோக்கியமானது.

சிக்கல் பணத்தைப் பகிர்வதில் இல்லை. தோட்டங்களில் சீட்டுப் பிடிப்பவர்களுக்கு இது விளங்கும்: எல்லோரும் எடுத்து முடிந்ததும் சீட்டு முடிந்துவிடும். விமானக் கூட்டுக்கு அப்படியொரு முடிவு நாள் கிடையாது. ஒருவர் விலக நினைத்தால் அவர் பங்கை யார், என்ன விலைக்கு வாங்குவது? செஸ்னா 172 ரகங்களின் லைக்கமிங் இயந்திரத்தை ஏறக்குறைய 2,000 மணித்தியாலத்தில் முற்றாகப் பிரித்துப் புதுப்பிக்கச் சொல்கிறார்கள். மணிக்கணக்குக் கட்டணத்தில் அதற்கென ஒரு தொகையை ஒதுக்காத கூட்டு, அந்தச் செலவு வரும் நாளில் உடையும்.

எனக்குப் பெரிய பயம் வேறொன்று. கம்பனியின் பங்குதாரர் விமானி ஆசனத்தில் இருப்பதில்லை; பறப்பதா இல்லையா என்பதை வேறொருவர் முடிவு செய்கிறார். தனியார் கூட்டிலோ காசு கட்டியவரே விமானி. மாதத்தில் தனக்குக் கிடைத்த ஒரே ஞாயிற்றுக்கிழமையை மூடுபனிக்காக விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வருமா? ஹட்டன் 1,200 மீற்றருக்கு மேலே இருக்கிறது. அந்த உயரத்தில் சாதாரண பிஸ்டன் இயந்திரம் தன் வலுவில் பத்திலொரு பங்குக்கு மேல் இழந்துவிடும். காலையில் தெளிவாய்த் தெரிந்த சிகரம் மத்தியானத்துக்குள் முகிலுக்குள் போய்விடும். 1974 டிசம்பர் 4ஆம் திகதி நோர்ட்டன் பிரிட்ஜுக்கு அருகே சப்தகன்னி மலையில் மார்ட்டின்எயார் டிசி-8 மோதி, ஹஜ் யாத்திரிகர்களும் பணியாளர்களுமாக 191 பேரும் மாண்டார்கள். கூட்டுரிமைக்கும் அந்த விபத்துக்கும் தொடர்பில்லை. ஆனால் தேர்ந்த பணியாளர்கள் ஓட்டிய பெரிய விமானத்தையே அந்த மலை விட்டுவைக்கவில்லை. வார இறுதியில் மட்டும் பறப்பவர் எத்தனை மடங்கு கவனமாக இருக்க வேண்டும்!

ஆகவே கூட்டுரிமையை நான் ஆதரிக்கிறேன், ஒரு நிபந்தனையோடு. உடன்படிக்கையில் விலகும் வழியையும் பழுதுபார்ப்பு நிதியையும் எழுதிவைத்தால் மட்டும் போதாது. வானிலையால் பறக்காமல் விட்டவருக்கு அவருடைய முறை நட்டமாகக்கூடாது. அடுத்து வரும் தெளிவான நாளில் முதல் உரிமை அவருக்கே என்றும், பறக்காமல் விட்ட நாளுக்குரிய கட்டணம் அவரிடம் கேட்கப்படாது என்றும் எழுத வேண்டும்.