எழுவரும் நாற்பத்து இருவரும்

கோட்டிங்கன் பல்கலைக் கழகத்தின் பெருமையைப் பேசுவோர் பெயர்ப் பட்டியலோடுதான் தொடங்குவர். காஸ் இருந்தார், ரீமன் இருந்தார், ஹில்பர்ட் இருந்தார் என்பர். பொய்யல்ல. ஆனால், தோழர்களே, மேதைகளின் தலையை எண்ணுகிறவர்கள், அநீதி வாயிற்படியில் வந்து நின்றபோது அவர்களில் எத்தனை பேர் வாய் திறந்தனர் என்பதை எண்ணுவதில்லையே! அந்தக் கணக்கையும் பார்ப்போம்.

ஜெர்மனியில், 1737-இல் திறப்புவிழாக் கண்ட கழகம் இது. பிற துறையினரின் எழுத்தைத் தணிக்கை செய்யும் உரிமை இறையியல் துறைக்கு இல்லை என்று தொடக்கத்திலேயே வகுத்துவிட்டனர். பாதிரியாரின் ஒப்புதலுக்குக் காத்திராமல் பேராசிரியர் எழுதலாம். அந்நாளில் இது சிறு செயலன்று.

நூற்றாண்டு விழாக் கொண்டாடிய அதே 1837-இல் சோதனை வந்தது. ஹானோவர் நாட்டின் புதிய மன்னன் எர்ன்ஸ்ட் ஆகஸ்ட், 1833-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தைச் செல்லாது என்று அறிவித்தான். அச்சட்டத்தின் மீது ஆணையிட்டவர்கள் பேராசிரியர்கள். ஏழு பேர் மட்டும் மறுப்பறிக்கையில் கையொப்பமிட்டனர்: டால்மன், ஆல்பிரெக்ட், ஏவால்ட், கெர்வினஸ், வெபர், கிரிம் உடன்பிறந்தார் இருவர். ஆம், குழந்தைக் கதைகளைத் திரட்டித் தந்த அதே கிரிம் சகோதரர்கள்தாம்! மாணவர்கள் அறிக்கையைப் படியெடுத்து நாடெங்கும் பரப்பினர். எழுவரும் பதவி இழந்தனர். டால்மன், கெர்வினஸ், யாக்கோப் கிரிம் மூவரும் மூன்று நாளில் நாட்டைவிட்டே வெளியேற வேண்டும் என்றது அரசு. ஆனால் ஊர் ஊராக மக்கள் பணம் திரட்டி, அவர்கள் இழந்த ஊதியத்தை ஈடு செய்தனர்.

காஸ் கையொப்பமிடவில்லை. ஏவால்ட் அவருடைய மருமகன். வெபர், 1833-இல் அவரோடு சேர்ந்து மின்தந்தி அமைத்த ஆய்வுத் தோழர். இருவரும் வேலை இழந்தபோதும் அவர் வெளிப்படையாக வாய் திறக்கவில்லை. முதுமை, தொண்ணூறு கடந்த தாய், ஆய்வுப் பணி எனக் காரணம் காட்டுவோர் உண்டு. இருக்கட்டும். அவர் கணிதத்தை வணங்குவோம். அவர் மௌனத்தை வணங்க வேண்டியதில்லை.

அடுத்த சோதனை 1933-இல். யூதராகப் பிறந்தவர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கும் சட்டத்தை ஏப்ரல் 7 அன்று நாஜிகள் இயற்றினர். நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் பிராங்க், போரில் பணியாற்றியவர் என்பதால் விலக்குப் பெறக் கூடியவர். ஆயினும் பதவியைத் தூக்கி எறிந்தார். உடன் பணியாற்றியோர் என்ன செய்தனர்? நாற்பத்து இருவர் கூடி, அவர் விலகியதையே கண்டித்து அறிக்கை விட்டனர்! அன்று அநீதியை எதிர்த்து ஏழு கையொப்பம். இன்று அநீதிக்குத் துணையாக நாற்பத்திரண்டு. அதே கழகம், அதே பட்டங்கள், அதே அங்கிகள்!

நவம்பரில், யூதரான லண்டாவின் வகுப்பை மாணவர்கள் புறக்கணித்தனர். முன்னின்றவர் டெய்க்முல்லர், முட்டாள் அல்லர். பிற்காலக் கணிதத்தில் தம் பெயரையே நிறுத்திய கூர்மதியர். கணிதம் கற்றவனுக்குப் பகுத்தறிவு தானாகவே வந்துவிடும் என்று நம்புவோர் இவரை எங்கே வைப்பார்கள்?

எம்மி நோய்தருக்கோ இரண்டு குற்றங்கள்: பெண்ணாய்ப் பிறந்தது, யூதராய்ப் பிறந்தது. முதற் குற்றத்துக்காக, ஹில்பர்ட் எவ்வளவோ வாதாடியும், 1919 வரை தம் பெயரில் வகுப்பு நடத்தும் உரிமை அவருக்கு மறுக்கப்பட்டது. இயற்பியலின் அடிப்படைகளுள் ஒன்றான அவரது தேற்றம் வெளிவந்ததோ 1918-இல்! இரண்டாம் குற்றத்துக்காக 1933 ஏப்ரலில் பணியிலிருந்து நிறுத்தினர். அவர் தம் வீட்டிலேயே மாணவர்களைக் கூட்டிப் பாடம் சொன்னார். ஒரு மாணவர் நாஜிப் படையின் பழுப்புச் சட்டையோடே வந்து அமர்ந்தார் என்பர். நோய்தர் அதைப் பொருட்படுத்தாமல் பாடத்தைத் தொடர்ந்தாராம். அவ்வாண்டே அமெரிக்கா சென்றார். 1935-இல் அங்கேயே மறைந்தார்.