பிணை நில்லாத மதிப்பெண்

நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. கையில் புரளும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயம். கரிசல் சீமையில் இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பது எளிதன்று. வானம் பார்த்த பூமி இது. புரட்டாசியில் விதைத்தவன் கையில் தை, மாசி வரை காசு இராது. விதையும் கடன், உரமும் கடன், வீட்டுச் செலவும் கடன். மழை பொய்த்துவிட்டால் மறு வருடம் வரை அக்கடன் நீளும். கோவில்பட்டிக் கடைத்தெருவில் ஒருவருக்கு மூட்டை கொடுப்பதா வேண்டாமா என்பதை அவர் நிலத்தின் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. "நாணயமான ஆள்" என்ற பேச்சு முன்னே போக வேண்டும். மூட்டை அதன் பின்னே வரும்.

அந்தப் பேச்சை யாரோ ஒருவர் பேச வேண்டும். "பையனை எனக்குத் தெரியும், கொடுங்கள்" என்று சொல்பவர், பையன் தவறிவிட்டால் தாமும் தலைகுனிய வேண்டும். பல வேளைகளில் தம் மடியையே அவிழ்க்கவும் வேண்டும். இதற்குப் பிணை என்றும் ஜாமீன் என்றும் பெயர். நற்பெயர் என்பது பிறர் தம் பெயரைப் பணயம் வைத்து நமக்குத் தருவது. பங்குத்தந்தையரின் மேசைக்கும் நற்சான்றிதழ் கேட்டு ஆண்டு முழுவதும் ஆட்கள் வருகின்றனர். நான்கே வரி எழுதும் அத்தாளில் கையொப்பமிடும்போது நம் பேனா சற்றே தயங்குவதுண்டு. எழுதப்பட்டவரின் ஒழுக்கத்தோடு எழுதியவரின் பெயரும் அத்தாளில் சேர்ந்தே பயணம் செய்கிறது.

இப்படி ஊர் சுமந்து வந்த பாரத்தை எண்ணிடம் ஒப்படைத்தால் என்ன ஆகும்? இக்கேள்வியை நம் மக்கள் அறியாதவர் அல்லர். 2000ஆம் ஆண்டு நிறுவப்பட்ட சிபில் நிறுவனம் 300 முதல் 900 வரை கடனாளிக்குத் தரும் மதிப்பெண், இன்று டிராக்டர் கடன் கேட்டு வங்கிக்குச் செல்லும் சம்சாரிக்கும் பழகிய சொல்லாகிவிட்டது. ஆயினும் சிபில் கடன் வரலாற்றைத்தான் பார்க்கிறது: வாங்கிய கடனைத் தவணைப்படி கட்டினாரா என்பது போன்றவற்றை. மனிதர் எப்படிப்பட்டவர் என்று கூற அது முற்படுவதில்லை. அவ்வாறு கூற முற்பட்ட ஓர் அமைப்பையே இங்கு ஒரு நூலைத் திறனாய்வது போல் எடுத்துக்கொள்கிறோம். அதன் பெயர் ஸ்டீமிட்.

2016இல் நெட் ஸ்காட், டேனியல் லாரிமர் ஆகிய இருவரும் அமெரிக்காவில் தொடங்கிய சமூகத்தளம் அது. எழுதுவோர் எழுதலாம், படிப்போர் வாக்களிக்கலாம், வாக்கு விழுந்தால் எழுதியவருக்கு ஸ்டீம் என்னும் எண்ணியல் காசு கிடைக்கும். யாவும் பிளாக்செயின் எனப்படும் தொடரேட்டில் பதிவாகும். ஒரே கணக்கேட்டின் படிகள் பல கணிப்பொறிகளில் இருப்பதால், ஒருவர் தனியே ஒரு பக்கத்தைக் கிழித்தெறிய முடியாது என்பதே அந்த ஏட்டின் பெருமை. ஒவ்வொருவர் பெயருக்கு அருகிலும் ஓர் எண் நிற்கும். அதற்கு நற்பெயர் மதிப்பெண் என்று பெயர். புதிதாக நுழைபவர் எவராயினும் 25இல் தொடங்குவார்.

இந்த 25 நம்மைச் சற்று நிறுத்துகிறது. எந்தத் தெரு, யார் மகன் என்று கேளாமல் அனைவரையும் ஒரே படியில் நிறுத்தும் வாசல் அது. பூமணியின் "பிறகு" நாவலைப் (1979) படித்தவர்கள் அழகிரியை மறந்திருக்க மாட்டார்கள். செருப்புத் தைக்கும் தொழிலாளி. அவர் கைவேலை ஊருக்கு வேண்டும். ஆயினும் எத்துணை நேர்மையாக உழைத்தாலும் அந்த ஊரில் அவருக்கென்று குறித்து வைத்த இடத்துக்கு மேல் ஓர் அங்குலம் ஏற இயலாது. கரிசலின் "நாணயமான ஆள்" என்ற பேச்சு சாதி பார்க்காமல் வழங்கப்பட்டது என்று எழுதினால் நாம் பொய்யுரைத்தவர் ஆவோம். எனவே பழைய முறையைப் பொன்னாக்கிப் புதியதைப் பித்தளை என்று தள்ளுவது நம் நோக்கமன்று. 25 என்னும் தொடக்கத்துக்கு உரிய மரியாதையைத் தந்துவிட்டே மேலே செல்கிறோம்.

மேலே செல்லச் செல்லத்தான் சிக்கல். ஒருவர் எழுத்துக்கு வாக்கு விழும்போது அவரது மதிப்பெண் ஏறுகிறது. எவ்வளவு ஏறும் என்பது எத்தனை பேர் வாக்களித்தனர் என்பதைப் பொறுத்ததன்று. வாக்களித்தவரின் வாக்கு எவ்வளவு கனமானது என்பதைப் பொறுத்தது. அந்தக் கனம் எங்கிருந்து வருகிறது? அவர் தளத்தில் முடக்கி வைத்திருக்கும் காசிலிருந்து வருகிறது. அக்காசுக்கு ஸ்டீம் பவர் என்று பெயர். நூறு ஏழை வாசகர் உள்ளம் உருகிப் போட்ட வாக்கு ஓரிரு புள்ளியைக்கூட அசைக்காமல் போகலாம்; ஒரு செல்வர் போகிற போக்கில் தட்டிய ஒரே வாக்கு பெயரை உயர்த்திவிடலாம். நாணயத்தின் இரு பொருள்களில் ஒன்றை உருக்கி மற்றொன்றை வார்த்திருக்கிறார்கள்.

எண் காட்டும் தோற்றமும் கவனிக்கத்தக்கது. உள்ளே சேரும் உண்மைத் தொகை மிகப் பெரிதாக வளரும் என்பதால் அதை மடக்கைக் கணக்கில் சுருக்கிக் காட்டுகின்றனர். தொகை பத்து மடங்கு பெருகினால் வெளியே தெரியும் எண் 9 கூடும். 34 மதிப்பெண் உடையவரையும் 70 மதிப்பெண் உடையவரையும் அருகருகே கண்டால், பின்னவர் இருமடங்கு பெரியவர் என்றே கண் சொல்லும். உள்ளே இருக்கும் வேறுபாடோ 10,000 மடங்கு. பெரிய ஏற்றத்தாழ்வைச் சிறியதாகக் காட்டும் இந்த அடக்கம் பணிவா, மறைப்பா? இரண்டும் கலந்தது என்றே நமக்குப் படுகிறது.

எதிர்வாக்குக்கும் இடமுண்டு. அங்கேதான் இந்நூலின் மையமான விதி அமைந்திருக்கிறது. தம்மினும் உயர்ந்த மதிப்பெண் உடையவருக்கு ஒருவர் எதிர்வாக்கு அளித்தால், அவ்வாக்கு உயர்ந்தவரின் நற்பெயரைச் சிறிதும் குறைக்காது. உயர்ந்தவர் தாழ்ந்தவருக்கு அளித்தால் குறைக்கும். மதிப்பெண் சுழிக்குக் கீழே போய்விட்டவரின் வாக்கு எவர் பெயரையும் தொடாது. இதை அமைத்தவர்களுக்கு ஒரு நியாயம் இருந்தது. பொய்ப் பெயரில் நூறு கணக்குகளைத் தொடங்கி ஒருவரைக் கூட்டமாகத் தாக்குவோரைத் தடுக்க வேண்டியிருந்தது. நியாயம் நியாயமே. ஆனால் "ஏழை சொல் அம்பலம் ஏறாது" என்று நம் பாட்டிமார் பெருமூச்சோடு சொன்ன பழமொழியை, எவரும் பெருமூச்சு விடாமல் ஒரு நிரல்வரியாக எழுதி வைத்துவிட்டார்கள். ஊர்ச்சபையில் ஏழையின் சொல் ஏறாவிட்டாலும் முணுமுணுப்பாவது காற்றில் நிற்கும்; கேட்டவர் மனம் என்றேனும் உறுத்தும். இங்கோ அச்சொல் பெயரைத் தொடும் முன்பே கணக்கிலிருந்து நழுவிவிடுகிறது.

வாக்கு காசிலிருந்து பிறப்பதாயின் அது விலைக்கும் வரும் அல்லவா? வந்தது. தம் எழுத்துக்குத் தாமே வாக்களித்துக்கொள்ளவும் தடை இல்லை. 2017 முதல் வாக்குகளை ஏலத்தில் விற்கும் தானியங்கிக் கணக்குகள் பெருகின. சிறு தொகை அனுப்பினால் பெருவாக்கு வந்து விழும், எண் உயரும். 2019 ஆகஸ்டில் விதிகளை மாற்றி, எதிர்வாக்குக்கெனத் தனியே ஒரு கையிருப்பைத் தந்த பிறகே அவ்வாணிபம் பெரிதும் ஒடுங்கியது.

இவ்விடத்தில் கு. அழகிரிசாமியின் "அன்பளிப்பு" நம் நினைவுக்கு வருகிறது. கோவில்பட்டிக்கு அருகே இடைசெவலில் பிறந்தவர் அவர். அக்கதையின் பெயரைத் தாங்கிய தொகுப்புக்கே 1970இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. கதையில் சாரங்கன் என்னும் சிறுவனுக்கு அவன் எதிர்பார்த்த அன்பளிப்பு கிடைப்பதில்லை. மற்றப் பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது. பின்னர் அவனே ஒரு டைரியை வைத்துக்கொண்டு, அது தனக்கு அன்பளிப்பாகத் தரப்பட்டது என்று எழுதிக் கையொப்பமிடும்படி கதைசொல்லியிடம் கேட்கிறான். மேலோட்டமாகப் பார்த்தால் சாரங்கனும் வாக்கை விலைக்கு வாங்கியவன்தான்! ஆனால் அவன் வாங்கியது வெறும் தாள். விலைக்கு வாங்க இயலாத ஒன்றுக்காக, அதை எழுதக்கூடிய ஒரே மனிதரிடம் கைநீட்டி நிற்கிறான். எழுதுபவரின் மனம் கதையில் குறுகுகிறது. படிப்பவர் மனமும் குறுகுகிறது. ஏலத்தில் வாக்கு விற்ற தானியங்கிக்குக் குறுக என்ன இருக்கிறது? வாங்கியவர் நாளை மோசடி செய்தாலும் விற்றவரின் மதிப்பெண்ணில் ஒரு புள்ளியும் குறையாது. நாம் தேடிப் பார்த்தவரை இந்த அமைப்பின் பெருங்குறை இதுவே. உயர்த்திவிடுபவர் பிணை நிற்பதில்லை.

பிணை நிற்கும் முறை பழங்கதை என்று எவரும் எண்ண வேண்டாம். 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிப் பின்னர் தமிழகம் எங்கும் பரவிய மகளிர் சுயஉதவிக் குழுக்களைப் பாருங்கள். தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கும் பெண்ணுக்குத் தனியே கடன் கிடைப்பது அரிதாயிருந்த காலத்தில், பன்னிரண்டு பேரோ பதினைந்து பேரோ சேர்ந்து தீர்மானப் புத்தகத்தில் கையொப்பமிட்டால் வங்கி நம்பியது. ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் பதில் சொல்ல வேண்டும். அதிலும் கொடுமை உண்டு. தவணை நாளில் ஒருத்தியின் வாசலில் மற்றவர்கள் போய் நிற்பதும், அவள் முகம் கொடுக்க முடியாமல் ஒளிவதும் நாம் அறியாததன்று. ஆனால் போய் நிற்பவர்கள் அவள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதையும் கண்ணால் பார்க்கிறார்கள்.

அழியாத ஏடு என்ற பெருமைக்கு வருவோம். கி. ராஜநாராயணனும் இடைசெவல்காரரே. அவரது "கதவு" கதையில் தீர்வைப் பாக்கிக்காக ஓர் ஏழை வீட்டின் கதவைப் பெயர்த்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பாக்கி இருந்தது உண்மை. கணக்கேடு பொய் சொல்லவில்லை. அந்தக் கதவுதான் பிள்ளைகளின் விளையாட்டு என்பதும், வாடைக்காற்றைத் தடுத்து நின்றதும் அதுவே என்பதும் ஏட்டில் இல்லை. பிளாக்செயினை வியப்போர் "இந்த ஏடு பொய் சொல்லாது" என்பதோடு நின்றுவிடுகிறார்கள். பொய் சொல்லாத ஏடுகள் நம் கிராமங்களிலும் இருந்தன. ஸ்டீமிட்டில் மதிப்பெண் சுழிக்குக் கீழே போனால் அவர் எழுதுவது பிறர் கண்ணிலிருந்து மறைக்கப்படும். பெயரை மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. மீண்டும் எழ வேண்டுமானால் கனமான வாக்குடைய யாராவது மனமிரங்க வேண்டும். பலர் அதற்குக் காத்திராமல் வேறு பெயரில் 25இலிருந்து தொடங்குவதே எளிதென்று கண்டனர். தவறு செய்தவர் திருந்தினார் என்று எழுத அந்த ஏட்டில் பத்தியே இல்லை. ஊரைவிட்டு ஓடிவிட்டார் என்பதற்கு மட்டும் இடமிருந்தது.

2020இல் நடந்ததையும் கூற வேண்டும். அவ்வாண்டு பிப்ரவரியில் ட்ரான் நிறுவனத்தின் ஜஸ்டின் சன் ஸ்டீமிட் நிறுவனத்தை விலைக்கு வாங்கினார். தொடரேட்டைக் காத்து நடத்துவோருக்கு அங்கே "சாட்சிகள்" என்று பெயர். நம் மரபில் மிகுந்த கனமுடைய சொல் அது. அவர்களில் முதல் இருபதின்மரைத் தேர்வதும் காசின் வாக்கே. மார்ச் மாதம் 2ஆம் நாள், பைனான்ஸ், ஹுவோபி, போலோனியெக்ஸ் என்னும் காசுச்சந்தைகளில் வாடிக்கையாளர்கள் வைத்திருந்த ஸ்டீமைக் கொண்டு வாக்களித்துப் பழைய சாட்சிகளை இறக்கிவிட்டனர். அடகுக் கடையில் வைத்த நகையை அணிந்துகொண்டு கடைக்காரர் கல்யாணத்துக்குப் போனது போல என்று சொல்லலாம். சினந்தவர்கள் மார்ச் 20 அன்று ஹைவ் என்னும் புதிய தொடரேட்டைப் பிரித்தெடுத்தனர்.

அந்நாள் வரையிலான எழுத்துகள், வாக்குகள், பெயர்கள் இரண்டு ஏடுகளிலும் ஒன்றாகவே உள்ளன. ஆகையால் மதிப்பெண்ணும் இரண்டிலும் ஒன்றே. அதற்குப் பின்னரே வழிகள் பிரிந்தன. அன்று 60 பெற்றிருந்த ஒருவர் ஹைவில் தொடர்ந்து எழுதி இன்று உயர்ந்திருக்கலாம். ஸ்டீமில் பூசலுக்குள்ளாகித் தாழ்ந்திருக்கலாம். ஒரே பெயர், ஒரே மனிதர், இரண்டு நற்பெயர்கள். இரண்டையும் விட்டு விலகியவரின் எண்ணும் இரு இடங்களிலும் அப்படியே நிற்கிறது. காலம் செல்வதால் மட்டும் அது குறைவதில்லை. அவர் வேறு தொழிலுக்குப் போயிருக்கலாம், எழுதுவதையே மறந்திருக்கலாம், இறந்தும் போயிருக்கலாம். பெயருக்கு அருகில் 60 இருக்கிறது.