கொடியடுப்பு

மண்ணடுப்பின் பக்கத்தில், விறகு வைக்க வாயே இல்லாமல் ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்தக் கொடியடுப்பைச் சொல்கிறேன். பெரிய அடுப்பில் உலை கொதிக்கும்போது வீணாகப் போகவேண்டிய அனல், நடுவிலுள்ள துளை வழியே இதற்குள் புகுந்து, மேலிருக்கும் தண்ணீர்ப் பானையைத் தடவிவிட்டுத்தான் வெளியேறும். தளதளவென்று கொதிக்காது, அந்த அவசரம் இதற்கில்லை. சோறு வடித்து, குழம்பு இறக்குவதற்குள் குளிக்கப் பதமான வெந்நீர் தயார். தனி விறகு கிடையாது, தனியாக ஊதவும் வேண்டாம். பானையின் அடியில் கரி அப்பும், உண்மைதான். முன்கூட்டியே சாம்பலைக் குழைத்துப் பூசிவிட்டால் தேய்ப்பது சுலபம். கேஸ் அடுப்பிலும் பாத்திரத்தைச் சுற்றிச் சூடு வழிந்து போகிறது. அதைப் பிடிக்கத்தான் ஏற்பாடில்லை. வழியும் சூட்டைப் பிடிப்பதில் கெட்டிக்கார அடுப்பு பழையதுதான்.