படி எடுத்தால் போதுமா?

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்துத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீரால் பாலாற்றுப் படுகை கெட்டது பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-இல் தீர்ப்பளித்தது. அதே பிரச்சினையில் 2025 ஜனவரி 30-இல் மீண்டும் ஒரு தீர்ப்பு வந்தது. எந்த நிலம் கெட்டது, யாருக்கு இழப்பீடு சேரவேண்டும் என்னும் கேள்விகள் 28 ஆண்டுகளுக்குப் பின்னும் தீரவில்லை. அவற்றுக்கு விடை கூற வேண்டியவை நீர் அளவீடுகளும் பெயர்ப் பட்டியல்களுமே. கணிப்பொறி வட்டுகளோ பெரும்பாலும் சில ஆண்டுகளே உழைப்பவை. எனவே காப்புப் படி இன்றியமையாதது.

ஆனால், 'படி எடுத்துவிட்டோம். இனிக் கவலையில்லை' என்னும் எண்ணம் சரிதானா? இரண்டு நிகழ்ச்சிகளைக் கொண்டு ஆராய்வோம்.

டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணிப்பொறிகள் 2022 நவம்பர் 23-இல் தாக்குதலுக்கு உள்ளாயின. ஐந்து சர்வர்களில் இருந்த சுமார் 1.3 டெராபைட் தகவல் திறக்க முடியாதபடி பூட்டப்பட்டது. தாக்குதலுக்குத் தப்பிய வேறொரு சர்வரில் காப்புப் படி இருந்ததால் தகவல்கள் மீண்டன. இது பாராட்டுக்குரியதே. எனினும் பெரும்பாலான பணிகள் பழைய நிலைக்குத் திரும்ப இரண்டு வாரங்கள் ஆயின. நொடிக்கு 125 மெகாபைட் செல்லும் சாதாரண இணைப்பில் 1.3 டெராபைட்டைப் படியெடுக்க மூன்று மணி நேரம் போதும். கணிப்பொறிகளைச் சோதித்துத் தூய்மை செய்து மீண்டும் இணைப்பதே நாட்களை விழுங்கியது. படி இருப்பது வேறு, பணி மீள்வது வேறு என்பதை இது காட்டுகிறது.

அடுத்தது தென் கொரியா. 2025 செப்டம்பர் 26-இல் டேஜான் நகரில் அரசின் தகவல் மையம் தீப்பிடித்தது. அரசு ஊழியர்களின் கோப்புகள் அடங்கிய 858 டெராபைட் சேமிப்பு அழிந்தது. வெளியே அதற்குப் படி இல்லை. அளவு மிகப் பெரிது என்பதே கூறப்பட்ட காரணம்.

இக்காரணம் ஏற்கத்தக்கதன்று. மேற்கூறிய இணைப்பில் 858 டெராபைட்டைப் படியெடுக்க 79 நாட்கள் ஆகும் என்பது உண்மை. ஆனால் அவ்வளவும் நாள்தோறும் மாறுவதில்லையே! முழுப் படியை ஒரு முறை எடுத்துக்கொண்டு, பின்னர் மாறியதை மட்டும் எடுக்கலாம். நாளொன்றுக்கு நூற்றில் ஒரு பங்கு மாறினாலும் 19 மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். பழைய ஆண்டுக் கணக்குகளைத் தனியே பிரித்து ஒரே முறை காந்த நாடாவில் ஏற்றி வைக்கலாம்.

மீட்கும்போதும் பிரிவினை உதவும். மருத்துவமனையில் இன்றைய நோயாளியின் இரத்த வகை உடனே வேண்டும். பத்தாண்டுக்கு முந்திய ரசீது பொறுத்து வரலாம். 'எவ்வளவு நேரத்துப் பதிவை இழக்கலாம்? எவ்வளவு நேரம் மூடியிருக்கலாம்?' என்னும் இரு கேள்விகளுக்கு விடை கண்ட பின்பே முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டு கணிப்பொறிகளில் ஒரே நேரத்தில் எழுதுவதைக் காப்புப் படி என நினைப்பதும் தவறு. ஒன்றில் தவறாக அழித்தது மறுகணமே மற்றதிலும் அழிந்துவிடும். அதே கட்டடத்தில் வைத்த படியைத் தீயும் வெள்ளமும் விட்டுவைக்குமா? ஒரு படியேனும் தொலைவிலும், இணைப்பின்றியும் இருக்கவேண்டும்.

ஆம்பூர்க் கிடங்குகளில் உப்பிட்டு அடுக்கிய தோல் வெளிப்பார்வைக்கு நன்றாகவே தோன்றும். ஊறவைத்துச் சுண்ணாம்பில் இட்டபின்தான் உள்ளே கெட்டிருப்பது தெரியவரும். காப்புப் படியும் அப்படியே. அவ்வப்போது வேறொரு கணிப்பொறியில் ஏற்றி, முழுதும் திறக்கிறதா, எவ்வளவு நேரமாகிறது எனப் பார்த்தல் வேண்டும். அவ்வாறு சோதிக்காத படியை நம்புவது கிடங்கில் உள்ள தோலைப் பிரித்துப் பாராமலே விலை பேசுவதற்கு ஒப்பாகும்.