ஒன்பது விழுக்காடு

முதுகலை மாணவி ஒருத்தி மடித்த தாள் ஒன்றை நீட்டி, "இதுல என்ன போட்டிருக்குன்னு சொல்லுங்க மேடம்" என்றாள். அவள் அம்மா வேலை பார்க்கும் சிறு தையல்கூடத்தில், பொத்தான் வைக்கும் மெஷினில் சிக்கி வலது ஆள்காட்டி விரலின் நுனிக் கணு போய்விட்டது. தாளில் இரண்டே செய்தி: இழப்பு 9 விழுக்காடு, வேலைக்குத் திரும்பலாம்.

அந்த 9 எங்கிருந்து வந்தது என்று தேடினேன். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருந்தது. (சட்டத்தின் ஆங்கிலப் பெயரில் இருந்த 'வொர்க்மென்' 2009 திருத்தத்தில்தான் போனது.) கட்டைவிரல் 30, ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, அதில் ஒரு கணு 9, சுண்டுவிரல் 7. சம்பாதிக்கும் திறனில் இழந்த பங்கு என்று இதற்குப் பொருள். யாருடைய விரல், எந்த வேலை செய்த விரல் என்ற கேள்வி அட்டவணையில் இல்லை.

இலக்கியம் நடத்துகிறவளுக்கு இப்படி உறுப்புகளை வரிசையாகப் பார்த்ததும் கேசாதிபாதம் நினைவுக்கு வரும். பொருநராற்றுப்படை பாடினியைக் கூந்தலில் தொடங்கிப் பாதம் வரை வருணிக்கிறது. அந்தப் பார்வையை வகுப்பில் நான் குறை சொல்வதுண்டு. ஆனால் பாதத்துக்கு வந்ததும் அந்தக் கவிதை, பருக்கைக் கல் உறுத்தி எழுந்த கொப்புளத்தைப் பார்த்துவிடுகிறது. ஊர் ஊராக நடப்பது அவள் பிழைப்பு. அந்த நடை உடம்பில் பதிந்திருக்கிறது. 1923இன் அட்டவணைக்கு இந்தக் கண் வாய்க்கவில்லை.

நீதிமன்றத்துக்கு ஒருமுறை வாய்த்தது. இடக்கையை முழங்கைக்கு மேலே இழந்த தச்சர் ஒருவரின் வழக்கில், பகுதி இழப்புதான் என்று முதலாளி வாதாட, ஒற்றைக் கையால் தச்சுவேலை ஆகாது, இது முழு இழப்பே என்று உச்ச நீதிமன்றம் 1975இல் ஏற்றது. நல்ல தீர்ப்பு. தையல்காரிக்கும் அது பொருந்த வேண்டாமா? துணியை ஊசிக்குத் தள்ளிக்கொடுப்பதும் பொத்தானைப் பிடித்து வைப்பதும் அந்த விரல்தான். அவளுக்குக் கூலி பீஸ் கணக்கில். தச்சு என்றால் தொழில், தையல் என்றால் பெண்கள் உட்கார்ந்து பார்க்கும் லேசான வேலை என்ற எண்ணம் நம்மிடமும் இருக்கிறது.

கையின் பயன்பாட்டை அளக்க இன்னொரு பட்டியல் உண்டு. 2001இல் ஒன்றிய அரசு வெளியிட்ட ஊன மதிப்பீட்டு வழிகாட்டியில் உள்ளது. பத்துச் செயல்கள், ஒவ்வொன்றுக்கும் 9 விழுக்காடு: மூக்கைத் தொடுதல், கையால் சாப்பிடுதல், தலைவாரிப் பின்னுதல், பொத்தான் மாட்டுதல், எழுதுதல் என்று போகிறது. 'பின்னுதல்' என்ற சொல்லைக் கண்டதும், யாரோ ஒரு பெண்ணை நினைத்துப் பார்த்திருக்கிறார்களே என்று மகிழ்ந்துதான் போனேன். மறுபடி படித்தேன். பத்தில் பெரும்பாலானவை தன் உடம்புக்காகத் தான் செய்துகொள்பவை. துணி பிழிவது, மாவு பிசைவது, பிள்ளையைத் தூக்குவது எதுவும் இல்லை.

சாலை விபத்தில் இறந்த இல்லத்தரசியின் உழைப்புக்கு வருமானம் கணக்கிட வேண்டும் என்று கீர்த்தி வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. செத்தால் கணக்கு உண்டு. விரல் போய் உயிரோடிருந்தால்?

"வீட்டு வேலைக்கு அம்மா எப்போது திரும்பினார்?" என்று மாணவியிடம் கேட்டேன்.

"எப்ப மேடம் நின்னாங்க? தையல் பிரிக்கிறதுக்கு முன்னாடியே கையில பிளாஸ்டிக் கவரைக் கட்டிக்கிட்டுப் பாத்திரம் தேய்ச்சாங்க."

ஆணையரிடம் கொடுக்கவிருந்த மனுவில் இதையும் எழுதச் சொன்னேன். எழுதினாள். வழக்கறிஞர் அந்தப் பத்தியை மட்டும் அடித்துவிட்டு, மற்றதைத் தட்டச்சுக்கு அனுப்பினார்.