கூடலூர் வீட்டுக்கு எந்த டிரில்?

வீட்டு வேலையைத் தானே பார்த்துக்கொள்ள நினைப்பவர் முதலில் வாங்கும் மின்கருவி பெரும்பாலும் டிரில்லிங் மெஷின்தான். ஜெர்மனியின் ஃபைன் நிறுவனம் கையில் பிடிக்கும் மின் டிரில்லை 1895-இல் செய்தது. துப்பாக்கிப் பிடியும் விசையும் உள்ள இன்றைய வடிவத்துக்கு அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் 1917-இல் காப்புரிமை பெற்றது. இன்று கடைகளில் இருப்பவை முக்கியமாக மூன்று வகை: வயர் உள்ள இம்பாக்ட் டிரில், பேட்டரி டிரில், ரோட்டரி ஹேமர். நீலகிரி மாவட்டக் கூடலூரில் எதை வாங்குவது என்பதைச் சுவரும் கூரையும் கரண்டும் முடிவுசெய்கின்றன.

இம்பாக்ட் வகைக்கு பாஷ் ஜிஎஸ்பி 500 ஆர்இ நல்ல எடுத்துக்காட்டு. 500 வாட், ஒன்றரை கிலோ எடை, நிமிடத்துக்கு 2,600 சுற்று. நிமிடத்துக்கு 41,600 அடி என்ற கணக்கு மிரட்டலாகத் தெரியும். உள்ளே பல் வெட்டிய இரண்டு வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்குவதால் சுற்றுக்கு 16 அடி விழுகிறது, அவ்வளவுதான். அடிகள் ஏராளம், ஒவ்வொன்றின் வலுவும் சொற்பம். செங்கல் சுவரில் 6 மி.மீ. துளை நொடிகளில் விழுந்துவிடும். ஹாலோ பிளாக் சுவரில் ஹேமர் விசையை அணைத்துவிட்டுத் துளைப்பதே சரி. இல்லாவிட்டால் உள்பக்கம் பெயர்ந்து, பிளாஸ்டிக் பிளக் பிடிப்பில்லாமல் சுழலும்.

கான்கிரீட்டில் இந்த மெஷின் திணறுகிறது. திரைச்சீலைக் கம்பி போடும் இடமோ ஜன்னலுக்கு மேலே, லிண்டலில்தான் வருகிறது. பிட் ஜல்லியில் பட்டதும் துளை நின்றுபோகும், கை மட்டும் அதிரும். ரோட்டரி ஹேமரில் பிஸ்டன் காற்றை அழுத்தி அடிப்பதால் அடிகள் குறைந்தாலும் வலு பன்மடங்கு. ஆனால் எடை அதிகம். வீட்டில் வருடத்துக்கு நாலு துளை போடுபவர் அதைச் சொந்தமாக வாங்குவது வீண் செலவு. வாடகைக்கு எடுத்தால் போதும்.

கூரைதான் கூடலூரின் தனிப் பாடம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை விடாமல் அடிக்கும் ஊரில், தகர ஷீட்டில் நீர் முதலில் கசிவது பழைய ஜே போல்ட் துளைகளில். அவற்றுக்குப் பதில் ரப்பர் வாஷர் வைத்த செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ போடுகிறார்கள். அதிகம் இறுக்கினால் வாஷர் பிதுங்கிக் கிழியும், தளர்வாக விட்டால் தண்ணீர் இறங்கும். அளவோடு நிறுத்தும் கிளட்ச் உள்ள பேட்டரி டிரில் இங்கே இம்பாக்ட் டிரில்லை எளிதாக வென்றுவிடுகிறது. ஏணியில் வயரை இழுத்துக்கொண்டு ஏறவும் வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் மட்டும் எந்த டிரில்லையும் வைக்கக் கூடாது. அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு.

அடுத்தது கரண்ட். மழைக்காலத்தில் மரம் விழுந்து லைன் அறுந்தால் வயர் மெஷின் சும்மா கிடக்கும். 1969-ஆம் ஆண்டின் கூடலூர் ஜென்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தில் 17-ஆம் பிரிவு நிலங்கள் என்று சொல்லப்படுபவற்றில், பட்டாச் சிக்கலால் பல வீடுகள் நெடுங்காலம் மின் இணைப்பே இல்லாமல் இருந்தன. அப்படிப்பட்ட வீட்டுக்காரருக்கு, வெளியே எங்காவது சார்ஜ் செய்துவரக்கூடிய 18 வோல்ட் பேட்டரி டிரில்தான் உருப்படியான தேர்வு. சுத்தியல் வசதியும் உள்ள மாடலாகப் பார்த்து வாங்கினால் செங்கல் சுவருக்கும் அதுவே ஆகும். கரண்ட் ஒழுங்காக உள்ள டவுன் வீட்டில் முதலில் வாங்க வேண்டியது வயர் உள்ள இம்பாக்ட் டிரில். விலைக்குக் கிடைக்கும் வலு அதில்தான் கூடுதல்.

மெஷினில் மிச்சம் பிடிக்கலாம், பிட்டில் கூடாது. முனையில் கார்பைடு வைத்த நல்ல மேசன்ரி பிட் சாதாரண மெஷினையும் வேலை வாங்கும். மலிவான பிட் செட்டின் முனை கான்கிரீட்டில் சூடேறி மழுங்கும். சுவிட்ச் பாக்ஸுக்கு நேர் மேலும் கீழும் சுவருக்குள் வயர் ஓடும் என்பதால் அங்கே துளைப்பதைத் தவிர்க்க வேண்டும். ஈரச் சுவரில் வேலை செய்யும் வீட்டில் மின்கசிவு ஏற்பட்டால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். இந்த ஊர் மூடுபனியில் பிட்டுகள் ஒரே மழைக்காலத்தில் துருவேறிவிடும். துடைத்து, மெல்ல எண்ணெய் தடவி, மூடிய டப்பாவில் வைக்க வேண்டும். மோட்டாரில் தீப்பொறி அதிகமாகத் தெரிந்தால் பெரும்பாலும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், அதை மாற்றினால் மெஷின் மீண்டும் ஓடும்.